உடனே கிளம்பி வாங்க

எங்கள் வீட்டில் அரிசி ஒருநாளும் தீர்ந்தது கிடையாது. டப்பா காலியாகும், ஆனால் காலியானதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஆர்.கே.புரத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸின் சின்ன சமையலறையில் நான் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்து இந்திப் பழக்கத்தில், "அம்மா, அரிசி கதம்!" என்று கத்துவேன். அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து என் வாயிலேயே ஒன்று போடுவாள். "அரிசி வாங்கணும்னு சொல்லு. அது என்ன பேச்சு, கதமு கிதமுன்னு?" விளக்கை அணைக்கக் கூடாது, அமர்த்த வேண்டும். தாலிக்கயிறு இற்று அறுந்தால் அது பெருகிவிட்டது என்று சொல்ல வேண்டும். வெளியே கிளம்பும்போது "போறேன்" என்று சொன்னால் மறுபடி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, "வாரேன்" என்று சொல்லிப் போக வேண்டும். இதனால் நான் பஸ்ஸைத் தவறவிட்ட நாட்கள் உண்டு.

தில்லியில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தச் சட்டதிட்டங்கள் பெரிய தொல்லையாக இருந்தன. எதிர் வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி தினமும் எது எது கதம் என்று மாடிப்படியில் நின்று ஊருக்கே அறிவிப்பார். அவர் வீட்டில் நெய்க்குக்கூடக் குறைவு வந்ததில்லை. அதை அம்மாவிடம் சொல்லிக் காட்டினால், "அவங்க வழக்கம் அவங்களுக்கு" என்பாள். அத்தோடு பேச்சு முடிந்தது. அம்மா கோவில்பட்டிக்காரி. கல்யாணமாகி தில்லிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் காய்கறிக்காரனிடம் "பையா, ஜல்தி தேதோலே" என்று இந்திக்கும் ஒரு 'லே' சேர்த்துப் பேசுகிற தமிழ்ச்சி.

இந்த வழக்கங்களிலேயே பெரியது, சாவுச் செய்தி சொல்கிற வழக்கம். ஊரிலிருந்து யாரும் தில்லிக்குப் போன் செய்து இன்னார் இறந்துவிட்டார் என்று சொல்ல மாட்டார்கள். முடியவில்லை, உடனே கிளம்பி வாங்க என்பார்கள். அவ்வளவுதான். மாடி வீட்டில் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று இருந்தது. நான் பள்ளியில் படித்தபோது அந்த மாமாவுக்கு ஒருநாள் அப்படிப் போன் வந்தது. அப்பாவுக்கு முடியவில்லையாம். அவர் பெட்டி கட்டினார். குவார்ட்டர்ஸில் இருந்த தமிழர்கள் எல்லோரும் வந்தார்கள். ஒருவர் டிக்கெட்டுக்கு ஓடினார், ஒருவர் ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்தார். எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் "சரியாயிடும், பாத்துட்டு வாங்க" என்றே எல்லோரும் சொன்னார்கள், அவரும் தலையாட்டினார்.

எதற்கு இந்த நாடகம் என்று நான் அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டு ராத்திரி ரயில்ல போணும்ட்டி. பெத்த தகப்பன் போயிட்டாருன்னு தெரிஞ்சா, முன்னப்பின்ன தெரியாதவங்க நடுவுல அந்த மனுசன் எப்படி உக்காந்திருப்பாரு? இருக்காருன்னு நெனச்சுக்கிட்டே போய்ச் சேரட்டும். அழுறதுக்கு அங்க ஆள் இருக்கு" என்றாள். அன்று எனக்கு அது பிடித்துக்கூட இருந்தது. தெரியாத மாதிரி இருப்பதும் ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

இனி பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கூடப் பிறந்தது ஒரே அக்காள்தான். இருவருக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அம்மா கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர்களைப் பெற்றவள் இறந்துவிட்டதால், தலைவாரிவிட்டது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் பெரியம்மாதான். தில்லி மாப்பிள்ளை என்றதும் "அவ்வளவு தூரமா?" என்று ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்துவிட்டு, பிறகு சம்மதித்தவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில்பட்டியில் எஸ்.டி.டி. பூத்துக்கு வந்து பேசுவாள். முதல் கேள்வி எப்போதும் "சாப்ட்டியாளா?" என்பதுதான். அம்மா காலை ஏழு மணிக்கு "சாப்ட்டேன்க்கா" என்று பொய் சொல்வாள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அரசாங்கச் செலவில் ஊருக்குப் போகும்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இது நடந்த வருஷம் அப்பாவுக்கு லீவு கிடைக்காமல் பயணம் தள்ளிப் போயிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மே மாதம், செவ்வாய்க்கிழமை காலை. நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அம்மா பால் வாங்கப் போயிருந்தாள், அப்பா முகத்தில் சோப்போடு கண்ணாடி முன் நின்றார். போன் அடித்தது, நான் எடுத்தேன். பெரியம்மாவின் மகன். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏட்டி, சித்தி இருக்காளா? இல்லையா? சரி, நல்லாக் கேட்டுக்கோ. அம்மாவுக்கு முடியல. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். சித்தியப் பாக்கணும், சித்தியப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கா. உடனே கிளம்பி வரச் சொல்லு."

நான் அப்பாவிடம் போய் அப்படியே சொன்னேன். அப்பா சவரக் கத்தியைக் கீழே வைத்தார். முகத்தில் பாதி சோப்பு காய்ந்துகொண்டிருக்க, ஒரு வக்கீலைப் போல என்னை விசாரிக்க ஆரம்பித்தார். உடனே என்றானா? குரல் எப்படி இருந்தது? பின்னால் ஆள் சத்தம் கேட்டதா? அழுதானா, அழாமல் பேசினானா? அழவில்லை, சாதாரணமாகத்தான் பேசினான் என்றேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "அடக்கிக்கிட்டுப் பேசியிருக்கான்" என்றார்.

"அப்பா, பெரியம்மா ஆஸ்பத்திரில இருக்காங்கன்னுதான் சொன்னான்."

"அப்படித்தாம்மா சொல்வாங்க."

பெரியம்மா வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு நம்பருக்கு அப்பா அடித்தார். எடுத்தவர் "ஆமாய்யா, கொஞ்சம் முடியலதான். நீங்க வந்துருங்க, பாத்துக்கிடலாம்" என்று தணிந்த குரலில் சொல்லியிருக்கிறார். நோயாளியைப் பற்றி யாரும் தணிந்த குரலில்தான் பேசுவார்கள். ஆனால் அப்பாவுக்கு அதுவே கடைசி சாட்சியாகிவிட்டது. நாங்கள் மூன்று பேரும் ரயிலில் வருகிறோம், நாளைக்குக் கிளம்புகிறோம் என்று அவரிடம் சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அம்மாவை மட்டும் இன்றைக்கே விமானத்தில் அனுப்புங்கள் என்றேன். மதுரைக்குப் போய் இறங்கினால் ராத்திரிக்குள் கோவில்பட்டி. அப்பாவின் ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் டிக்கெட் எடுத்துத் தரவும் தயாராக இருந்தார். அப்பா என்னை பால்கனிக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"உங்கம்மா தனியாப் போய் இறங்கி, அங்க வாசல்ல பந்தலைப் பாக்கணுமா? பக்கத்துல நான் இல்லாம அவ அந்தச் செய்தியைக் கேக்கணுமா? யோசிச்சுப் பேசு. எப்படியும் இந்த வெயிலுக்கு இன்னைக்கே எடுத்துருவாங்க. பறந்து போயி யாரைப் பாக்கப் போறா?"

இதை அவர் அழுதுகொண்டே சொன்னார். அதனால்தான் அவரை முழுசாக வெறுக்க என்னால் முடிந்ததில்லை. மனைவியின் மேல் இருந்த பாசத்தால் எடுத்த முடிவு அது. தப்பான முடிவு. பாசத்தால் எடுத்தது என்பதால் தப்பு கொஞ்சம்கூடக் குறையவில்லை.

அம்மா பாலோடு வந்தாள். "அக்காவுக்குக் கொஞ்சம் முடியலையாம், போய்ப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார் அப்பா, என்னவோ கரோல்பாக் கடைத்தெருவுக்குப் போய் வருவது போல. அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பால் பாக்கெட்டைப் பாத்திரத்தில் வைத்தாள். "சரி" என்றாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. என்ன ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார், ஒன்றுமில்லை. அந்த விநாடியே அவளுக்குள் பெரியம்மா இறந்துபோனாள் என்பது அவள் பெட்டி கட்டியதிலிருந்து எனக்குத் தெரிந்தது. ஊருக்குப் போவதென்றால் பெரியம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை, சாந்தினி சௌக்கிலிருந்து சோன் அல்வா, முழங்கால் வலிக்கு ஏதாவது தைலம் என்று ஒரு பை தனியாக இருக்கும். இந்த முறை எதுவும் இல்லை. துக்க வீட்டுக்கு எதுவும் கொண்டுபோகக் கூடாது. வெளுத்துப்போன நூல் சேலைகளாகப் பார்த்து எடுத்து வைத்தாள். பட்டுச்சேலை ஒன்றை எடுத்து நான் கொடுத்தபோது, அதை வாங்கி மறுபடி பீரோவிலேயே வைத்தாள்.

"உடம்பு சரியில்லாதவங்களப் பாக்கத்தானம்மா போறோம்?" என்றேன், வேண்டுமென்றே.

"ஆமா, பின்ன?" என்றாள். தெரியாத மாதிரி இருப்பது இப்போது அவள் முறை.

புதன்கிழமை மத்தியானம் மறுபடி போன். இந்த முறை அப்பா எடுத்தார். அண்ணன் கத்திப் பேசுவது எனக்கே கேட்டது. "சித்தப்பா, அம்மா கண்ணு முழிச்சு நல்லாப் பேசுதா. இப்பதான் கஞ்சி குடிச்சா. நான் சும்மா சொல்லல. சத்தியமாப் பேசுதா. சித்திய மட்டுமாவது சீக்கிரம் அனுப்புங்க."

அப்பா "சரிப்பா, சரிப்பா, நீ தைரியமா இரு. நாங்க கிளம்பிட்டோம்" என்று சொல்லி வைத்தார். "பாவம் பையன். நாம பதறாம வரணும்னு சத்தியம்லாம் பண்றான்" என்றார். பெரியம்மாவிடமே போனைக் கொடுக்கச் சொல்லுங்களேன் என்று நான் கேட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு எங்கே போன்? பேசாமல் இரு என்று அதட்டினார்.

இதில் என்னைக் குடைவது என்னவென்றால், அண்ணன் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்பதுதான். இருக்கிறாள் என்றால் இறந்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்கிறவர்களிடம், உண்மையில் இருக்கிறவளை இருக்கிறாள் என்று எந்த வார்த்தையால் சொல்வது? அரைகுறைத் தமிழ் பேசுகிற நான் ஒருத்திதான் அவர் சொன்னதைச் சொன்னபடி நம்பினேன். தமிழ் சரியாக வராத பிள்ளைக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள்.

கிளம்புகிற நேரத்தில் எதிர் வீட்டு ஆன்ட்டி வந்தார். வாசலிலேயே, "க்யா ஹுவா, பெஹன் எக்ஸ்பயர் ஹோ கயீ?" என்று, அக்கா இறந்துவிட்டாளா என்பதை என்னிடம் நேராகவே கேட்டார். "நஹீ ஆன்ட்டி, பீமார் ஹை", உடம்புதான் சரியில்லை என்றேன். "தோ ட்ரெயின் சே க்யூன் ஜா ரஹே ஹோ?", அப்படியென்றால் ரயிலில் எதற்குப் போகிறீர்கள் என்றார். இந்தக் கேள்வியை எங்கள் மனிதர்களில் ஒருவர் கேட்டிருந்தால் போதும். மாடி வீட்டுக் கோயம்புத்தூர் அத்தை புளிச்சோறும் தயிர்சாதமும் கட்டி எடுத்து வந்திருந்தார். "கண்ணு, அம்மாளப் பாத்துக்கோ" என்று என் கன்னத்தைத் தொட்டார். அம்மாவிடம் "போயிட்டு வாங்க" என்று சொல்லவில்லை. பொட்டலத்தை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மாடிப்படி ஏறிப் போய்விட்டார். துக்கத்துக்குப் போகிறவர்களை அப்படித்தான் அனுப்ப வேண்டும். அவரும் மரியாதையில் ஒரு குறை வைக்கவில்லை.

ரயிலில் எங்கள் எதிரே ஒரு பட்டாளத்துக்காரர், லீவில் மதுரைக்குப் போகிறவர். "ஊர்ல ஏதும் விசேஷங்களா?" என்று கேட்டார். "அக்காவைப் பாக்கப் போறோம்" என்றாள் அம்மா. அவர் ஆக்ரா தாண்டும்வரை தன் அக்கா பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா எல்லாவற்றுக்கும் "அப்படியா, நல்லாருக்கட்டும்" என்றாள். மறுநாள் சாயங்காலம், வெந்துபோன காடுகளுக்கு நடுவே வண்டி எங்கேயோ நின்றபோது, அப்பா தண்ணீர் பிடிக்க இறங்கினார். அம்மா என் கையைப் பிடித்து, "அக்கா போயிட்டா, உனக்குத் தெரியும்லா?" என்றாள்.

"இல்லம்மா. இருக்காங்கன்னு அண்ணன் சொன்னான். நான் கேட்டேன்."

அம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தாள். நானும் வழக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதாள். அப்பா வருவதைப் பார்த்ததும் துடைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் பெரியம்மா உயிரோடு இருந்தாள்.

சென்னையில் இறங்கியதும் ஒரு போன் செய்யலாம் என்றேன். வேண்டாம் என்று அப்பா கண்ணாலேயே சொல்லிவிட்டார். அன்று ராத்திரி வண்டி பிடித்து, சனிக்கிழமை காலையில் கோவில்பட்டி. தெருமுனையில் திரும்பும்போதே வாசலில் பந்தல் தெரிந்தது. அண்ணன் மொட்டைத் தலையோடு நின்றார். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து அம்மாவிடமிருந்து ஒரு குரல் வந்தது. பெண்கள் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேனே என்பது போல ஒரு பார்வை. எனக்கும் ஒரு நிமிஷம், அப்பாதான் சரியோ என்று தோன்றிவிட்டது.

அழுகை ஓய்ந்த பிறகு ஆண்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். நான் நிலைக்கதவு ஓரம் அம்மாவோடு இருந்தேன். பேச்சோடு பேச்சாக அப்பா, "செவ்வாக்கிழமையே எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார்.

அண்ணன் புரியாமல் பார்த்தார். "நேத்து சாயந்தரம்தான எடுத்தோம் சித்தப்பா. வியாழக்கிழமை ராத்திரி வரைக்கும் இருந்தாளே."

அப்பா எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார். "வியாழக்கிழமையா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"நான்தான் போன்ல சொன்னேனே சித்தப்பா. பேசுதா, கஞ்சி குடிச்சான்னு. சத்தியம்லா பண்ணினேன்."

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே வந்தாள். அழவில்லை. ஆண்கள் நடுவே போய் அண்ணன் எதிரில் நின்றாள். "என்ன சொன்னா? எங்கக்கா என்ன சொன்னான்னு ஒண்ணு விடாமச் சொல்லு" என்றாள்.

அண்ணன் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அண்ணனுக்கும் அழுகை வந்துவிட்டது.

"மூணு பேரும் ரயில்ல வாராங்கன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. அதப் போய் அம்மாட்ட சொன்னேன், சந்தோசப்படுவான்னு. அம்மா கொஞ்ச நேரம் மோட்டுவளையையே பாத்துக்கிட்டுக் கெடந்தா. அப்புறம், 'ரயில்லயா? குடும்பத்தோடயா? ஏலே, நான் போயிட்டேன்னு நெனச்சுட்டாளே அவ. ஓடு, ஓடிப்போய் போனப் போடு. இன்னும் இருக்கேன்னு சொல்லு, பேசுதேன்னு சொல்லு, கஞ்சி குடிச்சேன்னு சொல்லு'ன்னா. அதுக்குத்தான் நான் ரெண்டாவது தடவ போன் பண்ணினேன் சித்தி. திரும்பி வந்ததும், 'நம்பிட்டாளா, நம்பிட்டாளா'ன்னு கேட்டா. நம்பிட்டாங்கன்னு சொன்னேன்."

அம்மா அண்ணனின் மொட்டைத் தலையில் கையை வைத்தாள். கை அங்கேயே இருந்தது.

"இத மட்டும் நீ எங்கிட்ட மறைச்சிருக்கக் கூடாதாய்யா?" என்றாள்.